வித்தியும் விளைச்சலும்: மலையகப் பயிர்நோய் பற்றிய ஒரு நோக்கு

பங்கசு நோய்கள் இயற்கையின் சீற்றமாகவே பெரும்பாலும் பேசப்பட்டு வந்துள்ளன. ஆயின், பங்கசு எப்பொழுது, எத்துணை வித்திகளை ஆக்கும் என்பது அதற்குக் கிடைக்கும் உணவையும் பொறுத்ததாகும். அவ்வுணவு எவ்வாறு கிடைக்கின்றது என்று வினவும்போது, நாம் இயற்கையைக் கடந்து உற்பத்தி முறைக்கு வந்துசேர்கின்றோம்.

உணவு நிறைந்திருக்கையில் பங்கசின் இழைகள் வளர்கின்றன. உணவு குன்றுகையில் இனப்பெருக்கம் தொடங்குகின்றது. இப்பொதுமையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியத் தாவரவியலாளர் கிளெப்ஸ் எடுத்துக்காட்டினார். வித்திகளின் தொகை மட்டுமன்றி அவற்றின் உள்ளடக்கமும் உணவைச் சார்ந்தது. வளர்ப்பு ஊடகத்தின் காபன், நைதரசன் விகிதம் மாறுகையில் வித்தியிலுள்ள புரதமும் கொழுப்பும் மாறலாம் என்பதைப் பிற்கால ஆய்வுகள் புலப்படுத்தின. வித்தி முளைப்பது இச்சேமிப்பைக் கொண்டேயாகும்.

உயிருள்ள இலையிலேயே வாழும் ஒட்டுண்ணிப் பங்கசுகளுக்கோ இலையே ஊடகம். 1869இல் இலங்கையில் இனங்காணப்பட்ட கோப்பித் துருநோய் இத்தகையது. 1880 முதல் 1882 வரை இங்கு அதனை ஆராய்ந்த மார்ஷல் வார்ட், ஒரே பயிர் இடையறாது பரந்திருந்தமை நோய் பரவத் துணைநின்றதை உணர்த்தினார். காட்டை அழித்து அவ்வுணவுக் களத்தை விரித்தது தோட்ட முதலாளித்துவமே.

கோப்பியின் இடத்தைப் பிடித்த தேயிலையை 1946இல் கொப்புள நோய் தாக்கியது. இப்பங்கசுக்கு இளங்கொழுந்தே உணவு. ஏறத்தாழ மூன்று வாரங்களில் கொப்புளம் முற்றி, இலையின் அடிப்புறம் வெண்மையாகி வித்திகளை உதிர்க்கும். அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளின் மழையும் மூடுபனியும் அதற்கு ஏற்றவை.

இவ்விடத்து ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை கொழுந்து பறிக்கப்படும்போது, நோயுற்ற தளிர்களிற் பல கொப்புளம் முற்றுமுன்னரே அகற்றப்படுகின்றன. கவ்வாத்து வெட்டியபின் பறிப்பின்றித் தளிர்க்கும் மலைகளே பெரிதும் பாதிப்புறுகின்றன. ஆங்குச் செப்பு மருந்து தெளிக்க வேண்டியுள்ளது. பறிப்புச் சுற்று நீளுமாயின் பங்கசுக்கு உணவும் அவகாசமும் ஒருங்கே கிடைக்கின்றன.

எனவே, கொழுந்து பறிக்கும் பெண்ணின் உழைப்பு விளைச்சலை ஈட்டுவதோடு நோயையும் தடுக்கின்றது. நோய் வந்து இரண்டு ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவ்வுழைப்பாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தராசு நிறுப்பது கொழுந்தை மட்டுமே. உதிராது தடுக்கப்பட்ட வித்திகளுக்கு அதில் இடமில்லை. பங்கசையும் மருந்தையும் கணக்கிட்டு, இவ்வுழைப்பைக் கணக்கிடாத ஆய்வு முழுமையுறாது என்பதே நமது துணிபு.