ஒளிக்கும் வேண்டும் வேகத்தடை

முத்துக்குளித்தலுக்குப் பெயர்பெற்ற மன்னார் வளைகுடாவின் அடியில், தூத்துக்குடியையும் இலங்கையின் கல்கிசையையும் இணைக்கும் 'பாரத் லங்கா' ஒளியிழை வடம் 2006-இல் பயன்பாட்டுக்கு வந்தது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் பாய்கிறது. ஏறத்தாழ 320 கி.மீ. நீளமுள்ள இவ்வடத்தைக் கடக்க அதற்கு ஒரு விநாடியின் 600-இல் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

இத்தகைய ஒளியின் வேகத்தைக் குறைக்க ஏன் விஞ்ஞானிகள் முயல வேண்டும்?

தூத்துக்குடித் துறைமுகத்தில் தளம் காலியாகும் வரை கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும். ஒளிக்கு நங்கூரம் இல்லை. பல திசைகளிலிருந்து வரும் தகவல்கள் ஒரே நேரத்தில் ஒரு சந்திப்பை அடைந்தால், அங்குள்ள கருவி ஒளியை மின்குறிகளாக மாற்றி, நினைவகத்தில் நிறுத்தி, மீண்டும் ஒளியாக்கி அனுப்புகிறது. இதில் மின்சாரமும் நேரமும் செலவாகின்றன. ஒளியையே சற்றுத் தாமதப்படுத்த முடிந்தால் இந்த மாற்றத்தைத் தவிர்க்கலாம் என்பதே எதிர்பார்ப்பு.

1999-இல் லீனா ஹவ் தலைமையிலான குழு, கடுங்குளிரில் வைத்த சோடியம் அணுக்களினூடே ஒளித்துடிப்பை விநாடிக்கு 17 மீட்டர் வேகத்துக்குக் குறைத்தது. சாயர்புரத்திலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் பேருந்தின் வேகம்தான் அது! ஆனால், அத்தகைய குளிரைத் தொலைபேசி நிலையத்தில் உருவாக்க இயலாது.

2005-இல் சுவிட்சர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சாதாரண அறை வெப்பநிலையில், ஒளியிழையிலேயே இதைச் செய்து காட்டினர். தகவல் சுமக்கும் துடிப்புக்கு எதிர்த்திசையில் வலிமையான மற்றோர் ஒளியைச் செலுத்தினால், இரண்டும் சேர்ந்து கண்ணாடியில் நுண்ணிய ஒலியலையை எழுப்புகின்றன. அதன் விளைவாக, குறுகிய அலைநீள வரம்புக்குள் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் செங்குத்தாக மாறுகிறது. ஒளித்துடிப்பு என்பது பல அலைநீளங்களின் கூட்டு. அவற்றின் இசைவு மாறுவதால் துடிப்பின் உச்சி பின்தங்குகிறது. எதிரொளியின் வலிமையைக் கூட்டிக் குறைத்துத் தாமதத்தையும் கட்டுப்படுத்தலாம்.

இதற்கு எல்லையும் உண்டு. தாமதம் கூடக் கூடத் துடிப்பின் வடிவம் சிதைகிறது. பொதுவாக ஒருசில துடிப்புகளின் அகலத்துக்கு மேல் நிறுத்திவைப்பது கடினம். எனவே, மின்னணு நினைவகத்துக்கு இது இன்னும் மாற்றாகவில்லை.

அதற்காக இந்த ஆய்வு வீண் என்று ஒதுக்கிவிடலாகாது. 1928-இல் கண்டறியப்பட்ட இராமன் விளைவு, பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே ஒளியிழைகளில் சமிக்ஞையை வலுப்படுத்தப் பயன்பட்டது. வடங்களை விலைகொடுத்து வாங்கிவிடலாம். அவற்றுள் செல்லும் ஒளியை ஆளும் அறிவைப் பெற அடிப்படை ஆய்வுக்கு நிதியும், பலன் கனியும் வரை பொறுமையும் தேவை.