குடத்தில் வந்த கடல்

அடையாறு காந்தி நகரில் இருக்கும் அண்ணன் மகன் போன மாதம் ஒரு பட்டியலை என் முன்னால் வைத்தான். ஹேங்-ஆன் ஃபில்டர், கானிஸ்டர், சம்ப், புரோட்டீன் ஸ்கிம்மர், யூ.வி. விளக்கு, எதிரே ஒவ்வொன்றின் விலை. கூடத்தில் மூன்றடித் தொட்டி ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தது. 190 லிட்டர் பிடிக்கும். அதில் கடல்நீர் நிரப்பி ஒரு சின்னப் பவளப்பாறை அமைக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

“இதுல எதை வாங்கலாம், சித்தப்பா?”

1988-இல் மயிலாப்பூர் வீட்டில் நானும் கடல் தொட்டி வைத்திருந்தேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதில் எத்தனை மீன்கள் செத்தன என்பதை அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனக்கு அந்த ஆசை அப்பாவிடமிருந்து வந்தது. மெரினா கரையில் ஒரு மீன் காட்சியகம் இருந்தது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் அமைந்து 1909-இல் திறக்கப்பட்டது. பிறகு மீன்வளத் துறையின் கைக்கு மாறியது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் 1942-இல் மூடினார்கள். சின்னப் பையனாக அங்கே போன அப்பா, கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த கடல் பாம்புகளைக் கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

என் தொட்டியும் மூன்றடிதான். கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்து வெட்டி, ஒட்டி வாங்கியது. ஃபில்டர் என்றால் அன்று எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டைத் தொட்டியின் அடியில் பரப்பி, மேலே சரளையும் சிப்பித் தூளும் கொட்டி, மூலையில் நட்ட குழாயில் ஏர் பம்ப்பால் குமிழி விட வேண்டும். குமிழி மேலே ஏறும்போது தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். அந்த இழுப்பில் தொட்டித் தண்ணீர் முழுவதும் சரளை வழியே கீழிறங்கிச் சுற்றும். பம்ப் ராத்திரி முழுவதும் கொய்ங் என்று கத்தும். அந்தச் சத்தம் இருக்கிறவரை மீன்கள் பத்திரம் என்று நம்பினேன்.

தண்ணீர் கடலிலிருந்து வந்தது. விடிகாலையில் இரண்டு குடங்களும் ஒரு பிளாஸ்டிக் கேனுமாக நொச்சிக்குப்பம் போவேன். கரையோரத் தண்ணீர் கலங்கல், உதவாது என்று ஒரு மீனவப் பெரியவர்தான் சொல்லிக்கொடுத்தார். அலை உடையும் இடத்தைத் தாண்டித் தன் கட்டுமரத்தில் போய் மொண்டு வந்து தருவார். தெற்கிலிருந்து ஓட்டம் வரும் மாதங்களில் தண்ணீர் தெளிவாக இருக்கும் என்பார். ஐப்பசி, கார்த்திகையில் வராதே என்பார். அப்போது கூவமும் அடையாறும் மழைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். கடலின் உப்பே இறங்கிவிடும். ஹைட்ரோமீட்டர் இல்லாமல், நாக்கில் ஒரு சொட்டு வைத்தே அதைச் சொன்னார். வீட்டுக்கு வந்து அந்தத் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி, மூடி வைத்து, நான்கு நாள் கழித்துத் தொட்டியில் ஊற்றுவேன்.

சென்ட்ரல் பக்கத்தில் வாங்கிய மீன்கள் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து பாலிதீன் பையில் வந்தவை. வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி ஒன்று, நீல டாம்சல் நான்கு. பவளத் துண்டுகளும் அப்போது அலங்காரப் பொருளாக வெளிப்படையாக விற்றன. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையைப் பெயர்த்துச் சுண்ணாம்புக்குச் சுட்ட காலம் அது. நானும் ஒரு கூடை வாங்கினேன். அது உயிருள்ள ஒன்றின் எலும்புக்கூடு என்று அன்று நினைத்ததில்லை. இன்று நினைக்கும்போது மனசு கனக்கிறது.

மீன்கள் ஒரு வாரம் நன்றாக மேய்ந்தன. பத்தாம் நாள் டாம்சல் ஒன்று மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மறுநாள் காலை அது இல்லை. தண்ணீர் அழுக்காகிவிட்டது என்று முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை சரளை முழுவதையும் வாரிக் கிணற்றடியில் குழாய்த் தண்ணீர் விட்டு, அரிசி களைவதுபோல் ஐந்து முறை கழுவிப் போட்டேன். சரளை பளபளத்தது. புதன்கிழமைக்குள் இன்னும் இரண்டு போயின. அடுத்த ஞாயிறு மறுபடி கழுவினேன். கோமாளி ஜோடியில் ஒன்று நாற்பது நாள் இருந்தது.

நான் செய்தது என்ன என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் அமோனியா வரும். அது விஷம். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது மீனுக்கு அவ்வளவு கெடுதல் செய்யாது. தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு கூட்டமும் சரளையிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். அதுவரை தொட்டியில் ஃபில்டர் என்று ஒன்றே கிடையாது, எத்தனை பம்ப் ஓடினாலும். நான் முதல் நாளே மீனை விட்டேன். பிறகு வாராவாரம், அப்போதுதான் குடியேறத் தொடங்கியிருந்த உயிர்களைக் கிணற்றடியில் வழித்து ஊற்றினேன். கடல்நீரின் கார நிலையிலும் சென்னைச் சூட்டிலும் அமோனியாவின் விஷம் இன்னும் கூடும். நல்ல தண்ணீர்த் தொட்டியில் தப்பித்திருக்கக்கூடிய தவறு இதில் தப்பவில்லை.

இத்தனைக்கும், ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் 1961-இலேயே ஒரு மீன் வளர்ப்புப் பத்திரிகையில் எழுதிவிட்டார். கடலுக்குள்ளிருந்து எடுத்த, உயிர்கள் அப்பிய பாறைத் துண்டுகளையும் கொஞ்சம் காற்றுக் குமிழியையும் வைத்தே அவர் தொட்டியை நடத்தினார். பாறையின் நுண்துளைகளில் வாழும் பாக்டீரியாதான் அங்கே ஃபில்டர். பின்னால் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் அதே பாறையோடு நுரை பிரிக்கும் ஸ்கிம்மர் கருவியையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்று உலகம் முழுவதும் பவளத் தொட்டிகள் நிற்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். அந்தப் பத்திரிகை மயிலாப்பூருக்கு வரவில்லை.

அண்ணன் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். முதலில் கல், பிறகு ஸ்கிம்மர், அதற்குப் பிறகுதான் மற்றவை என்றேன். ஆனால் லீ சின் எங் கல்லை எடுத்ததுபோல் இங்கே கடலிலிருந்து எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாவற்றையும், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டையோடு சேர்த்து, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்துவிட்டார்கள். புலிக்கு இருந்த பாதுகாப்பு அவற்றுக்கும் கிடைத்தது. மன்னார் வளைகுடாப் பவளம் 2010-லும் 2016-லும் கடல் சூடேறி வெளுத்துப்போனது; மிச்சம் இருப்பதைத் தொட நமக்கு உரிமை இல்லை. ஆகவே நுண்துளை உள்ள செராமிக் கல் வாங்கச் சொன்னேன், பதினைந்திலிருந்து இருபது கிலோ. முதலில் வெள்ளை வெளேரென்று, வீடு கட்டி மீந்த கல் மாதிரி இருக்கும். ஆறு மாதத்தில் ஊதாவும் பச்சையும் படரும். கோமாளி மீன்கூட இன்று கடலில் பிடித்ததாக இருக்க வேண்டியதில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் அதைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைக்கும் வழியைக் கண்டுபிடித்துப் பரப்பியிருக்கிறது.

ஸ்கிம்மர் என்ன செய்யும் என்று கேட்டான். உயரமான குழாய்க்குள் பொடிக் குமிழிகளை விடும் கருவி அது. நீரில் கரைந்த புரதமும் கொழுப்பும் குமிழியின் தோலில் ஒட்டிக்கொண்டு மேலேறி, நுரையாகிக் கோப்பையில் வழியும். அழுகி அமோனியா ஆவதற்கு முன்னாலேயே கழிவை வெளியே எடுத்துவிடலாம். கூடவே தண்ணீருக்குள் காற்றும் கலக்கிறது. சூடான உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும் என்பதால் சென்னைத் தொட்டிக்கு இதுவே பாதி உயிர். இதே நுரையை அவன் பெரிய அளவில் பார்த்திருக்கிறான். 2019 டிசம்பர்த் தொடக்கத்தில் மழைத் தண்ணீரோடு கழிவுநீர் கடலில் கலந்து, மெரினா கரை முழுக்க வெள்ளை நுரை ஒதுங்கியது. குழந்தைகள் அதில் குதித்து விளையாடினார்கள். கடல் தன் மேல் கொட்டியதைக் கரையில் துப்பியது.

அந்தக் கடலிலிருந்து குடத்தில் மொண்டு வரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2017 ஜனவரியில் எண்ணூரில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது அது தெற்கே மெரினாவைத் தாண்டியும் வந்தது. நொச்சிக்குப்பத்துப் பெரியவர் இன்று இல்லை. இருந்திருந்தாலும் எந்த ஓட்டத்தில் மொண்டால் நல்ல தண்ணீர் என்று அவரால் சொல்லியிருக்க முடியுமா என்று தெரியவில்லை. காந்தி நகரிலிருந்து எலியட்ஸ் கடற்கரைக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிடம். ஆனாலும் அவன் கடலைப் பெட்டியில் வாங்குகிறான். நூறு லிட்டருக்குச் சுமார் மூன்றரைக் கிலோ உப்புக் கலவை, உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர், அடர்த்தி 1.025. நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கித் தென் சென்னைக்கு அனுப்புகிறார்கள். உப்பை எடுத்த தண்ணீர் ஒரு பக்கம் குழாயில் வருகிறது. இவன் அதையே ஆர்.ஓ.வில் இன்னொரு முறை வடித்து, உப்பைத் திரும்பப் போடுகிறான். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற தெருவில் இருந்துகொண்டு, ஆர்.ஓ. வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காதே என்று மட்டும் சொன்னேன். வாளியில் பிடித்து வீடு துடைக்கலாம்.

இனி அவன் பட்டியல். கானிஸ்டரை அடித்துவிட்டேன். மூடிய டப்பாவுக்குள் ஸ்பாஞ்சு, கல், கார்பன் எல்லாம் அடைந்திருக்கும். பார்க்க அடக்கமாக இருக்கும். கரண்ட் போனால் உள்ளே ஓட்டம் நிற்கும். ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகும். நாலைந்து மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் அந்த நாறிய தண்ணீரைத் தொட்டிக்குள்ளேயே தள்ளும். 2012-இல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. 2016 வர்தா புயலில் பல தெருக்களில் நாள் கணக்கில் விளக்கு எரியவில்லை. இன்று மின்சாரம் அவ்வளவு மோசமில்லை என்றாலும், டிசம்பர் மாதத்தை நம்பி இந்த ஊரில் தொட்டி வைக்க முடியாது. கல் திறந்த தண்ணீரில் கிடக்கும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று இருந்தால் அது உயிரோடு இருக்கும். 1988-இல் என்னைத் தூங்கவிடாத அந்தக் கொய்ங் சத்தத்துக்கு இன்றும் வேலை இருக்கிறது.

சம்ப் என்றதும் அண்ணி தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டு, வாடகை வீட்டில் தோண்டவா போகிறீர்கள் என்று பதறினார். ஸ்டாண்டுக்கு உள்ளே வைக்கும் இரண்டாவது கண்ணாடித் தொட்டி அது. மேலிருந்து வழியும் தண்ணீர் அதில் இறங்கும். ஸ்கிம்மரும் பம்ப்பும் அங்கே ஒளிந்திருக்கும். வாங்கலாம் என்றேன், ஆனால் ஒன்றைக் கவனி. கரண்ட் போனதும் மேல் தொட்டியிலிருந்து ஒரு பங்கு கீழே இறங்கும். அதற்கு இடம் விடாமல் சம்பை விளிம்பு வரை நிரப்பினால், உப்புத் தண்ணீர் கூடம் முழுக்க ஓடும். நிரப்பிய அன்றே சுவிட்சை அணைத்துப் பார்த்துவிட வேண்டும். யூ.வி. விளக்கை விட்டுவிடலாம். அந்தப் பணத்தைத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குச் சேர்த்து வை, சித்திரை வெயிலில் தொட்டி முப்பது டிகிரியைத் தாண்டும். மின்விசிறிக் காற்று இந்தப் புழுக்கத்தில் ஒன்றிரண்டு டிகிரிதான் இறக்கும்.

மூன்று வாரம் ஆகிறது. தொட்டியில் மீன் இல்லை. பாக்டீரியாவுக்கு அமோனியா கிடைக்கட்டும் என்று கல்லுக்கு நடுவே ஒரு இறாலைப் போட்டு அழுக விட்டிருக்கிறான். அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. தினமும் ராத்திரி சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, நிறத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறான். அமோனியா இறங்கிவிட்டது. நேற்று ஒன்பது மணிக்குப் போன் வந்தது. ஸ்கிம்மர் கோப்பையில் முதல் முறையாக நுரை ஏறியிருக்கிறதாம், வெளிர் டீ நிறத்தில்.

“ஜோடி மீன் சனிக்கிழமை எடுத்துடவா, சித்தப்பா?”

“நைட்ரைட் என்ன நிறம்?”

“ரோஸ்தான். போன வாரத்தைவிடக் கம்மி.”

“இன்னும் பத்து நாள் இரு” என்றேன். “கல்லை மட்டும் கழுவிடாதே.”