கார்த்திகைப்பூவை விதையிலிருந்து வளர்ப்போம்

கோடை முழுவதும் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும் கார்த்திகைப்பூக் கிழங்கு, ஐப்பசி மழை விழுந்ததும் முளைவிடும். இலை நுனிகளைச் சுருட்டிக் கிளுவையையும் பூவரசையும் பற்றி ஏறி, கார்த்திகையில் வேலியெங்கும் பூக்கும். அந்தப் பூவுக்கு நம் மனங்களில் உள்ள இடத்தைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் கதியால் வேலிகள் குறைந்து மதில்கள் பெருகிவிட்டன. வெறும் சீமெந்துச் சுவரில் அந்த இலை நுனிக்குப் பிடி கிடைக்காது. வளவுகளைத் துப்புரவாக்கும்போது பற்றையோடு கிழங்கும் போய்விடுகிறது. வீட்டில் வளர்க்க ஆசைப்படுபவர்களோ எஞ்சிய பற்றைகளில் கிழங்கு தோண்டப் போகிறார்கள். அது தேவையில்லை. இந்தச் செடியை விதையிலிருந்தே வளர்க்கலாம். அப்படி வளர்ப்பதே அதற்கு நல்லது.

காரணம் கிழங்கிலேயே இருக்கிறது. கலப்பைபோல் இரு கைகளாக வளைந்திருக்கும் அதில், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான் உண்டு. உருளைக்கிழங்கில்போல உடலெங்கும் கண்கள் இல்லை. மண்வெட்டி பட்டு நுனி ஒடிந்தால் அந்தக் கை பிறகு முளைக்காது. பற்றையிலும் செடி இல்லை, வீட்டிலும் இல்லை. பிழைத்துக்கொண்டாலும், கிழங்கிலிருந்து வருவது தாய்ச்செடியின் நகல் மட்டுமே. விதையின் கதை வேறு. இந்தப் பூவில் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடிந்து, மகரந்தப் பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன்மேல் எளிதில் படாதபடி அமைந்த ஏற்பாடு இது. வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வேறு பூவிலிருந்து மகரந்தம் கொண்டுவர, இரு செடிகளின் மரபணுக்கள் விதையில் கலக்கின்றன. நோயோ வறட்சியோ வந்தால் எல்லாச் செடிகளும் ஒரேயடியாக அழியாமல் காப்பது இந்தக் கலப்புத்தான். தமிழ்நாட்டில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் மருந்துக்காக இதைப் பயிரிடும் விவசாயிகள், காலை வேளையில் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். அங்கே விற்பனைக்குப் போவதும் விதையே.

விதையென்றால் காலம் பிடிக்குமே என்று கேட்கலாம். பிடிக்கும்தான். பச்சைக் காய் காய்ந்து வெடித்தால் உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் உருண்டை விதைகள் தெரியும். அவை உடனே முளைக்கா. சில மாதங்கள் உறக்கத்தில் கிடக்கும். காயவைத்து எடுத்து வைத்து, அடுத்த மாரி தொடங்கும்போது மணலும் குப்பையெருவும் கலந்த சாடியில் ஊன்றுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் கிழங்கு அழுகும். முதல் வருடம் புல்லைப்போல ஓரிரு இலைகளே வரும். கோடையில் அவையும் கருகிவிடும். செத்துவிட்டதென்று சாடியைக் கொட்டிவிடாதீர்கள். மண்ணுக்குள் சிறு கிழங்கு உருவாகியிருக்கும். பூவைக் காண மூன்று நான்கு வருடம் செல்லலாம். அதன்பின் வருடந்தோறும் பூக்கும் செடிக்கு இந்தக் காத்திருப்பு பெரிதல்ல.

இதைவிடக் கனமான ஆட்சேபம் நஞ்சு. கிழங்கு, விதை, இலை எல்லாவற்றிலும் கொல்சிசின் உண்டு. அளவறிந்து கொடுத்தால் மூட்டுவாத மருந்து. உயிரணு பிரியும்போது நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கும் நுண்ணிழைகள் உருவாகாமல் அது தடுத்துவிடும். அதனால்தான் வேகமாகப் பெருகும் குடல் கலங்களும் எலும்பு மச்சையும் முதலில் பாதிக்கப்படுகின்றன. உடல் எடையில் கிலோவுக்கு 0.8 மில்லிகிராமைத் தாண்டினால் உயிர் தப்புவது மிக அரிது. உண்ணும் கிழங்கென்று தவறாக எண்ணிச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் இலங்கையிலும் இறந்திருக்கிறார்கள். ஆகவே கைக்குழந்தைகளும் சிறுபிள்ளைகளும் உள்ள வீட்டில் இதை நட வேண்டாம். மற்றவர்கள் இராசவள்ளிப் பாத்திக்கு அருகில் ஒருபோதும் நடாமல், ஆடு மாடு எட்டாத மூலையில், பெயர் எழுதிய சாடியில் வையுங்கள். காய் வெடிக்குமுன் பறித்துப் பூட்டி வையுங்கள். தவறி யாரேனும் தின்றுவிட்டால் வாந்தி தொடங்கும்வரை பார்த்திருக்காமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.