விக்டோரியா இலக்கியம் லண்டனில் மட்டுமா பிறந்தது? தெரியுமா இந்தச் சேதிகள்!

சார்லஸ் டிக்கன்ஸைப் படிக்காமல் ஆங்கில இலக்கியப் பட்டம் வாங்க முடியாது. அந்த டிக்கன்ஸின் மகன் ஒருவர் கல்கத்தாவில் இறந்தார் என்பது தெரியுமா?

வால்டர் லாண்டர் டிக்கன்ஸ் என்று பெயர். 1857இல், பதினாறு வயதுப் பையனாக, கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேரக் கப்பலேறினார். 1863 டிசம்பர் 31 அன்று, 22 வயதில், கல்கத்தா ராணுவ மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. சேதி கடல் கடந்து அப்பாவின் கையில் கிடைத்த நாள் எது தெரியுமா? 1864 பிப்ரவரி 7. டிக்கன்ஸின் பிறந்த நாள்! வால்டரின் கல்லறைக் கல்லை இன்றும் கொல்கத்தாவின் சௌத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் பார்க்கலாம்.

இன்னும் கேளுங்கள். அண்ணனைப் பார்க்கும் ஆசையோடு வங்காளத்துக்கு வந்த தம்பி ஃபிரான்சிஸ் கரையிறங்கியபோது அண்ணன் உயிரோடு இல்லை. வங்காளக் குதிரைப் போலீஸில் வேலை பார்த்த அவர் பிறகு கனடாவின் குதிரைப் போலீஸில் சேர்ந்தார். கடற்படையில் இருந்த இன்னொரு மகன் சிட்னி 1872இல் நடுக்கடலில் இறந்து கடலுக்குள்ளேயே அடக்கமானார். ஆல்ஃபிரட், எட்வர்ட் இருவரும் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறினார்கள். கடைக்குட்டி எட்வர்ட் நியூ சௌத் வேல்ஸ் சட்டமன்றத்தில் உறுப்பினராகவே உட்கார்ந்தார். லண்டனின் சந்துபொந்துகளை எழுதிய மனிதரின் பிள்ளைகள் மூன்று கண்டங்களில் சிதறிக் கிடந்தார்கள். அப்படியிருக்க, அந்தக் காலத்து இலக்கியத்தை மட்டும் ஒரு தீவுக்குள் அடைத்து வைத்துப் படிப்பது என்ன நியாயம்?

விக்டோரியா மகாராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்த 64 ஆண்டு எழுத்து என்றதும் மூடுபனி, குதிரை வண்டி, தேநீர் விருந்து என்றுதான் நமக்குச் சித்திரம் விரிகிறது. நாவல்களைக் கொஞ்சம் உற்றுப் படித்தால் தெரியும், அவற்றில் ஓடும் பணம் எங்கிருந்து வருகிறது என்று!

'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் பிப் கனவானாக வளர்ந்தது யார் காசில்? நாடு கடத்தப்பட்ட கைதி மேக்விட்ச் ஆஸ்திரேலியாவில் உழைத்துச் சேர்த்த காசில். அது பறிபோன பிறகு பிப் பிழைக்கப் போவது எங்கே? எகிப்தின் கெய்ரோவுக்கு! 1847இல் வந்த 'ஜேன் அயர்' கதையில் ஜேனுக்குக் கிடைக்கும் 20,000 பவுண்டு சொத்து மடீரா தீவில் வியாபாரம் செய்த சித்தப்பாவுடையது. மாடி அறையில் பூட்டி வைக்கப்பட்ட பெர்த்தா ஜமைக்காக்காரி. ஜேனை மணக்கக் கேட்கும் பாதிரியார் புறப்படுவது இந்தியாவுக்கு. இங்கிலாந்தின் ஒரு கிராமத்து மாளிகைக் கதைக்குள் இத்தனை கடல்கள்!

பெர்த்தாவின் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஆள் வர நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. கரீபியன் கடலின் டொமினிக்கா தீவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் 'வைட் சர்காசோ சீ' எழுதினார். 1985இல் இதே நாவல்களைப் பற்றி விமர்சகர் காயத்ரி ஸ்பிவாக் எழுதிய கட்டுரையும், 1993இல் எட்வர்ட் சயீத்தின் 'கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம்' நூலும் வந்தபின், பேரரசை ஒதுக்கிவிட்டு இந்த நாவல்களைப் படிப்பது நேர்மையான படிப்பே அல்ல என்று ஆகிவிட்டது.

சரி, ஆங்கிலத் துப்பறியும் நாவலின் முன்னோடிகளில் ஒன்றான 'மூன்ஸ்டோன்' எந்த ஊரில் தொடங்குகிறது தெரியுமா? ஸ்ரீரங்கப்பட்டணத்தில்! 1799இல் திப்பு சுல்தானின் கோட்டை விழுகிறது, ஒரு வெள்ளை அதிகாரி வைரத்தைக் கொள்ளையடிக்கிறான். கதை இங்கிலாந்து முழுக்கச் சுற்றி, கடைசியில் வைரத்தோடு கத்தியவார் வந்து சேருகிறது. வில்கி காலின்ஸ் இதை 1868இல் டிக்கன்ஸின் பத்திரிகையில்தான் தொடராக எழுதினார்.

இதுவரை சொன்னது வெள்ளையர் எழுதிய நூல்களுக்குள் ஒளிந்திருந்த உலகம். அந்த உலகம் தானே பேனா எடுத்த கதை இதைவிடப் பெரியது. என்னை உலுக்கிய கதை அதில் ஒன்று.

2001இல் நியூயார்க்கில் ஓர் ஏலம். பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றை ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் வாங்குகிறார். ஹன்னா கிராஃப்ட்ஸ் என்ற பெயரில், அடிமைத்தளையிலிருந்து தப்பிய கறுப்பினப் பெண் 1850களில் எழுதிய நாவல் அது. 2002இல் அச்சில் வந்ததும் ஆய்வாளர்களின் கண்ணில் ஒன்று பட்டது. இந்தப் பெண் டிக்கன்ஸின் 'ப்ளீக் ஹவுஸ்' நாவலைக் கரைத்துக் குடித்திருக்கிறார்! பல இடங்களில் அதன் வரிகளையே எடுத்துத் தன் கதைக்கு மாற்றியிருக்கிறார். டிக்கன்ஸ் லண்டன் மேல் கவித்த மூடுபனியை இவர் வாஷிங்டன் நகரத்தின் மேல் கவிக்கிறார். நீதிமன்றத்தில் வழக்கு இழுபடும் லண்டன் அங்கே. மனிதரை விற்று வாங்கும் தேசத்தின் தலைநகரம் இங்கே. வட கரோலினாவில் ஜான் ஹில் வீலர் என்பவரின் வீட்டில் அடிமையாக இருந்து 1857 வாக்கில் தப்பிய ஹன்னா பாண்ட் என்பவரே இந்த எழுத்தாளர் என்று 2013இல் கிரெக் ஹெசிமோவிச் என்ற ஆய்வாளர் அடையாளம் கண்டார்.

அடிமைக்கு எழுத்தறிவு கொடுப்பதையே வட கரோலினாச் சட்டம் தடை செய்திருந்த காலம். அந்தக் காலத்தில் ஒரு பெண் உலகின் புகழ்பெற்ற நாவலாசிரியரை எடுத்துத் தன் விடுதலைக்கான கருவியாக்கிக்கொண்டார். விடுதலைப் போராளி ஃபிரெடெரிக் டக்ளஸும் தன் பத்திரிகையில் அதே 'ப்ளீக் ஹவுஸ்' நாவலைத் தொடராக மறுபதிப்புச் செய்தார். டிக்கன்ஸ் அதை லண்டன் வாசகருக்காக எழுதியிருக்கலாம். அது யாருக்குச் சொந்தம் என்பதை வாசித்தவர்கள் தீர்மானித்தார்கள்.

சீனாவுக்குப் போவோமா? லின் ஷூ என்பவர் அங்கே 'டேவிட் காப்பர்ஃபீல்டு' உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட அயல்நாட்டு நூல்களை மொழிபெயர்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியுமா? ஒரு சொல்கூடத் தெரியாது! வேய் யீ போன்ற நண்பர்கள் கதையை வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல, இவர் அழகிய செவ்வியல் சீனத்தில் எழுதிக்கொண்டே போவார். ஜப்பானின் பெரும் நாவலாசிரியர் நட்சுமே சோசெகி 1901இல் லண்டனில் படித்துக்கொண்டிருந்தார். விக்டோரியாவின் இறுதி ஊர்வலத்தை நேரில் கண்டவர். பசிபிக் தீவான சமோவாவில் குடியேறிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் 'பாட்டில் இம்ப்' கதை 1891இல் சமோவா மொழியிலேயே ஒரு மிஷன் பத்திரிகையில் வெளிவந்தது.

நம் பக்கம் வருவோம். ஆங்கில இலக்கியத்துக்கென்று ஆக்ஸ்போர்டு தனிப்பள்ளி தொடங்கியது 1894இல். கேம்பிரிட்ஜ் அதைத் தனிப் பட்டப்பாடமாக்கியது 1917இல். ஆனால் கல்கத்தாவின் ஹிந்து கல்லூரி மாணவர்கள் 1830களிலேயே ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்! இந்த வரலாற்றை ஆய்வாளர் கௌரி விஸ்வநாதன் 1989இல் விரிவாக எழுதிக் காட்டினார்.

படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? 1856இல் பிறந்த தோரு தத், பிரெஞ்சுக் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1876இல் கல்கத்தாவின் பவானிப்பூரில் அச்சிட்டார். மலிவுத்தாள், முன்னுரை கிடையாது. லண்டனில் அதைக் கையில் எடுத்த விமர்சகர் எட்மண்ட் காஸ் அசந்துபோனார். மறு ஆண்டே, 21 வயதில், தோரு காசநோய்க்குப் பலியானார். அவர் பிரெஞ்சிலேயே எழுதி வைத்த நாவல் அவருக்குப் பிறகு 1879இல் பாரிஸில் வெளியானது.

சென்னைக்காரர்கள் மனதில் வைக்க வேண்டிய பெயர் கிருபாபாய் சத்தியநாதன். அகமத்நகரில் மராட்டியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 1878இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலம் கெட்டுப் படிப்பு நின்றது, எழுத்து தொடங்கியது. அவருடைய 'சகுணா' 1887, 88இல் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் தொடராக வந்தது. படிக்கத் துடிக்கும் இந்தியப் பெண்ணின் மனசை அப்படியே திறந்து வைத்த ஆங்கில நாவல்! பிறகு தமிழிலும் வந்தது. 1894இல், 32 வயதில், அவர் மறைந்தார். 'ஜேன் அயர்' வாசிக்கும் எத்தனை வகுப்பறைகளில் இவர் பெயர் காதில் விழுகிறது?

கேரளத்தில் ஓ. சந்துமேனன் ஆங்கில எழுத்தாளர் டிஸ்ரேலியின் 'ஹென்ரியெட்டா டெம்பிள்' நாவலை மலையாளத்தில் பெயர்க்க முயன்றார். சரிப்படவில்லை. தூக்கிப் போட்டுவிட்டுத் தானே ஒன்று எழுதினார். அதுதான் 1889இல் வந்த 'இந்துலேகா'! பிரியா ஜோஷி என்ற ஆய்வாளர் இந்திய நூலகப் பதிவேடுகளைத் துருவிப் பார்த்து இன்னொன்று கண்டார். இங்கே வாசகர் கொண்டாடியவர்களில் முன்வரிசையில் நின்றது ஜி.டபிள்யூ.எம். ரெனால்ட்ஸ்! இங்கிலாந்துப் பேராசிரியர்கள் மறந்தே போன ஜனரஞ்சக எழுத்தாளர். தமிழில் அவரைத் தழுவி எழுதிக் குவித்தவர் ஆரணி குப்புசாமி முதலியார். ஆக, விக்டோரியா காலத்தின் பெரிய எழுத்தாளர் யார் என்ற கேள்விக்கு லண்டனில் ஒரு பதில், ஆரணியில் வேறொரு பதில்.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் உமர் கய்யாம் பாடல்களை ரசித்திருப்பீர்கள். அதன் மூலம் 1859இல் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு செய்த ஆங்கில ஆக்கம். ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பாரசீகம் கற்பித்த நண்பர் கவெல் கல்கத்தாவுக்குப் பேராசிரியராக வந்தவர். அங்கே ஏஷியாட்டிக் சொசைட்டியில் கிடைத்த கய்யாம் சுவடியைப் படியெடுத்து நண்பருக்கு அனுப்பினார். பாரசீகத்தில் பிறந்த பாட்டு, கல்கத்தா வழியே இங்கிலாந்து போய், நாஞ்சில் நாட்டில் தமிழானது! கவிமணியின் 'ஆசிய ஜோதி'யும் அப்படித்தான். புனே தக்காணக் கல்லூரியில் முதல்வராக இருந்த எட்வின் ஆர்னால்டு 1879இல் எழுதிய காவியத்தின் வழி வந்தது.

இத்தனை இருந்தும் பாடத்திட்டத்தில் தோருவும் கிருபாபாயும் 'இந்திய ஆங்கில எழுத்து' என்ற தனி அறையில் உட்கார வைக்கப்படுகிறார்கள். ஹன்னா பாண்ட் அமெரிக்கத் துறைக்குப் போய்விடுகிறார். விக்டோரியா காலம் என்ற பெரிய கூடத்தில் வெள்ளைத் தோல் எழுத்தாளர்கள் மட்டும். 2020இல் ரொஞ்சனி சட்டர்ஜி, அலிசியா கிறிஸ்டாஃப், ஏமி வாங் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இந்த எல்லைக்கோடுகளையே கேள்வி கேட்டு எழுதிய கட்டுரை அத்துறையில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அவர்கள் கேட்டது முற்றிலும் சரி. ஒரே காலம், ஒரே மொழி. அப்புறம் எதற்கு இரண்டு பட்டியல்?

ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்களே, அடுத்த பருவத்தில் 'ஜேன் அயர்' நடத்தும்போது அதே வாரத்தில் 'சகுணா'வையும் நடத்திப் பாருங்கள். மாணவர்களே, அவர்கள் நடத்தாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.