பூனைக்குட்டிக்கு முதலில் ஓர் அறை போதும்

மும்பையில் நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் பூனைக்குட்டி வந்து சேர்ந்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன். பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழேயோ, நிறுத்தி வைத்த கார் அடியிலோ கிடைத்த குட்டிகள். குழந்தைகள் அடம் பிடித்து எடுத்து வந்துவிடுகிறார்கள். பத்து நாளில் குட்டி ஓடிவிடுகிறது, அல்லது செத்துப்போகிறது. "நமக்குப் பூனை ராசி இல்லை" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். பல வருஷங்களாகப் பூனை வளர்ப்பவன் என்ற முறையில் ராசியை நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்தப் பத்து நாளில் நாம் செய்வதைப் பொறுத்துத்தான் குட்டி தங்கும்.

குட்டி தனியாகக் கத்துகிறதே என்று உடனே தூக்கிவிடக் கூடாது. தாய் இரை தேடப் போயிருக்கும். சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். 8 வாரம் நிறையும் வரை அது தாயோடு இருப்பதே நல்லது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லோரும் செய்வது, கூடத்தின் நடுவில் இறக்கிவிட்டுச் சுற்றி நின்று பார்ப்பது. குட்டி மிரண்டு பிரிட்ஜுக்குப் பின்னாலோ, கட்டில் பெட்டிக்குள்ளோ புகுந்துகொள்ளும். புதிதாகப் போட்ட தண்டவாளத்தில் முதல் நாளே வண்டியை முழு வேகத்தில் விடமாட்டோம். மெதுவாக ஓட்டி, பாதை இறுக இறுகத்தான் வேகத்தைக் கூட்டுவோம். குட்டிக்கும் அப்படித்தான். முதலில் ஒரே ஒரு சின்ன அறை. ஒரு மூலையில் பக்கவாட்டில் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி, எதிர் மூலையில் மணல் தட்டு, அதற்கு எட்டத்தில் தண்ணீரும் சாப்பாடும். மணலுக்குப் பக்கத்தில் வைத்த சாப்பாட்டைப் பூனை விரும்பாது.

பூனைக்கு இடம் பிடிபடுவது மோப்பத்தால். அது பிறந்த இடத்துத் துணி கிடைத்தால் துவைக்காமல் பெட்டியில் போடுங்கள். பிறகு நீங்கள் தரையில் உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். அதுவாக வந்து உங்கள் கால்மேல் கன்னத்தை உரசும் வரை தொட வேண்டாம். கன்னத்திலுள்ள சுரப்பியால் அது தன் வாசனையைப் பூசுகிறது. அதற்கு நாலைந்து நாளும் ஆகலாம். பிறகு ஒவ்வோர் அறையாகத் திறந்துவிடுங்கள். என் பேரனுக்கு இந்தப் பொறுமையைக் கற்றுக்கொடுப்பது குட்டியைப் பழக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது! அடுத்த வீட்டு மராட்டியக் குழந்தைகள் வேறு "மனி, மனி" என்று வாசலில் நிற்பார்கள். விநாயக சதுர்த்தி ஊர்வல நாட்களிலும் தீபாவளி வாரத்திலும் புதுக் குட்டியைக் கொண்டுவராதீர்கள். மேளமும் வெடியும் அதற்கு ஆகாது.

அந்த அறையைப் பினாயில் போட்டுத் துடைக்கவே கூடாது. அதிலுள்ள பீனால் போன்ற பொருள்களை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போகும். இதே காரணத்தால் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். உடம்பு சுடுகிறதே என்று அரை மாத்திரை கரைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இனி, நம் வீடுகளில் பெரிய தகராறு சாப்பாடுதான். பசும்பால் பல குட்டிகளுக்கு ஜீரணமாகாமல் பேதியாகும். அத்தனை சிறிய உடம்பிலிருந்து நீர் வற்றினால் ஒன்றிரண்டு நாளில் பிழைப்பது கஷ்டம். தயிர்சாதத்தைக் குட்டி ஆசையாகத் தின்னும். ஆனால் அதில் டாரின் என்ற சத்து போதாது. பூனையின் உடல் அதைப் போதுமான அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. மாமிசத்திலும் மீனிலும்தான் கிடைக்கும். டாரின் குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975-லும், இருதயத் தசை பலவீனமாகும் என்று 1987-லும் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். சைவக் குடும்பத்தார் அடுப்பில் மீன் ஏற்ற வேண்டாம். டாரின் சேர்த்த குட்டிப்பூனைத் தீனி பாக்கெட்டில் கிடைக்கிறது. அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால் பூனை வளர்க்காமலிருப்பதே தர்மம். பூனைக்கு ஏகாதசி கிடையாது. மீனோ கோழியோ வேகவைத்துக் கொடுப்பவர்கள் முள், எலும்பு நீக்கிக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் சேரக் கூடாது. வந்த முதல் நாள் சில மணி நேரம் சாப்பிடாவிட்டால் பயப்பட வேண்டாம். ஒரு முழு நாள் தாண்டினால் மிருக வைத்தியரிடம் காட்டியாக வேண்டும்.

பால்கனிக்கு நைலான் புறாவலை போதாது, கடித்துவிடும். கம்பி வலை அடியுங்கள். ஜன்னல் கிரில்லில் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். வாஷிங் மெஷினை ஓட்டுமுன் உள்ளே ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

குட்டி வந்த முதல் வாரத்திலேயே வைத்தியரிடம் கொண்டுபோய்ப் பூச்சி மருந்தும், வயதுக்குத் தக்க தடுப்பூசிகளும் போட்டுவிடுங்கள். பரேலில் பாய் சகர்பாய் பெட்டிட் மிருக ஆஸ்பத்திரி இருக்கிறது. 3 மாதம் நிறைந்ததும் ரேபீஸ் ஊசி அவசியம். குட்டி யாரையாவது கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். காபிப்பொடி, மஞ்சள்பொடி வைத்துக் கட்டுவது வேண்டாம்.