மூணு நிமிஷம் லேட்!

வேளாங்கண்ணி திருவிழாவுக்குப் போயிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? ஆகஸ்ட் 29-ம் தேதி கொடி ஏறினா செப்டம்பர் 8 வரைக்கும் கடற்கரை ரோடு முழுக்கக் கடைதான். அங்கே தொங்குற பிளாஸ்டிக் வாளை வாங்கி, தம்பி மண்டையில ஒரு போடு போடாத ஆள் எங்க ஏரியாவுல கிடையாது. மத்தபடி கம்புன்னா சிலம்பம், வாள்னா எம்.ஜி.ஆர். படம். அவ்வளவுதான் நமக்குத் தெரியும்!

நிஜ வாளோட ஒலிம்பிக் வரை போன முதல் இந்தியர் ஒரு சென்னைப் பொண்ணு. சி.ஏ.பவானி தேவி. அப்பா கோயில் அர்ச்சகர். ஆறாம் கிளாஸ் படிக்கும்போது ஸ்கூல்ல விளையாட்டுக்குப் பேர் கொடுக்கச் சொன்னாங்க. இவங்க முறை வர்றதுக்குள்ள மத்த எல்லா கேமும் ஃபுல். மிச்சம் இருந்தது ஃபென்ஸிங், அதாவது வாள்சண்டை மட்டும். 'செலவு ஜாஸ்தி ஆச்சே, அப்பாவுக்கு என்ன வருமானம்?'னு கேட்டப்போ, கூசாம கூட்டிச் சொல்லிட்டாங்களாம். நாம ஸ்காலர்ஷிப் ஃபார்ம்ல குறைச்சுக் காட்டுவோம், இவங்க உல்டா!

செலவு நிஜமாவே ஜாஸ்திதான். மாஸ்க், உலோக இழை கலந்த ஜாக்கெட், வயர். வாள் பட்டா கரன்ட் பாய்ஞ்சு லைட் எரியணும். வாள் உடைஞ்சா புதுசு வெளிநாட்டுல இருந்து வரணும். அதனால பிராக்டிஸுக்கு மூங்கில் குச்சி, போட்டிக்கு மட்டும் வாள். அம்மாவோட நகை அடகுக் கடைக்குப் போச்சு.

இப்படி எல்லாம் சேர்த்துவெச்சு 14 வயசுல முதல் சர்வதேசப் போட்டி, துருக்கியில. என்ன ஆச்சு தெரியுமா? மூணு நிமிஷம் லேட்! கறுப்பு அட்டையைக் காட்டி வெளியே அனுப்பிட்டாங்க. ஃபர்ஸ்ட் அவருக்குப் பத்து நிமிஷம் கழிச்சுப் போய் 'எக்ஸ்கியூஸ் மீ சார்' சொல்ற எனக்கு, இதைப் படிச்சப்போ கொஞ்சம் குற்ற உணர்ச்சிதான்.

பத்தாவது முடிச்சு கேரளாவுல தலச்சேரி சாய் சென்டர், அப்புறம் இத்தாலியில பயிற்சி. 2016 ரியோ ஒலிம்பிக் மிஸ். 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல முதல் மேட்ச், துனிசியாவின் நாடியா பென் அஸிஸி. 15-3! அடுத்தது பிரான்ஸின் மனோன் ப்ரூனே. 7-15. தோத்துட்டு ட்விட்டர்ல ஸாரி கேட்டாங்க. யாருக்கு ஸாரி? அதுவரைக்கும் நம்மள்ல எத்தனை பேருக்கு அப்படி ஒரு கேம் இருக்குன்னே தெரியும், சொல்லுங்க?

எனக்குப் பிடிச்ச மேட்ச் அது இல்லை. 2023 ஜூன், சீனாவோட வூஷி நகரத்துல ஆசிய சாம்பியன்ஷிப் கால் இறுதி. எதிர்ல உலக சாம்பியன், ஜப்பானின் மிசாகி எமுரா. 15-10-னு ஜெயிச்சாங்க! அரை இறுதியில 14-15, ஒரே ஒரு பாயின்ட்ல போச்சு. ஆனாலும் வெண்கலம் உண்டு. அந்தப் போட்டியில இந்தியாவுக்கு முதல் மெடல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இடம் கிடைக்கலைங்கிறதுதான் வருத்தம்.

இவங்க ஆடுறது சேபர் பிரிவு. இடுப்புக்கு மேல எங்கே வாள் பட்டாலும் பாயின்ட், கையும் தலையும் சேர்த்து. திருவிழாவுல அக்கா பையனுக்கு ஒரு பிளாஸ்டிக் வாள் வாங்கிக் கொடுத்தேன். முதல் போடே என் மண்டையில. அக்கா திட்ட வந்தா. ''விடுக்கா, ரூல்ஸ்படி அது பாயின்ட்!''னுட்டேன்.