இடதுகால் இல்லாதவர் காருக்கு எந்த டோர்க் கொன்வேட்டர்?

போரில் இடதுகாலை இழந்தவர்கள் ஓட்டோமற்றிக் கார் ஓடலாம். அதில் கிளச்சின் வேலையைச் செய்வது டோர்க் கொன்வேட்டர்: என்ஜின் சுழற்றும் எண்ணெய், கியர்ப்பெட்டிப் பக்கத்து விசிறியைத் தள்ளும்.

என்ஜினில் சிறு மாற்றம் செய்தவர்கள், ஸ்டோல் வேகம் கூடியதைப் பூட்டலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. பிரேக்கில் கார் அசையாது நிற்க, அக்சிலேற்றரை முழுதாக மிதித்தால் என்ஜின் எட்டும் சுற்றே ஸ்டோல் வேகம். சாதாரண கார்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1500 முதல் 2500 வரை.

சைலன்சர் மட்டும் மாற்றியவருக்கு (சத்தம்தான் கூடியிருக்கும்) கம்பனி போட்டதே போதும். கேம்ஷாஃப்ட் மாற்றி, கீழ்ச் சுற்றில் இழுவை குறைந்திருந்தால் சில நூறு சுற்றுகள் கூட்டலாம். அதற்குமேல் வேண்டாம் என்பேன். வழுக்கல் கூடி எண்ணெய் சூடேறும். பிரேக்கை விட்டதும் கார் தானாக மெல்ல நகர்வதும் குறையும். நெரிசலில் ஒற்றைக்காலால் ஓடுபவருக்கு அந்த நகர்வு பெரிய உதவி. வலதுகாலை பிரேக்கிலேயே வைத்திருக்கலாம்.